முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன்: யாருக்கு, எந்த அறையில்?

ஹெட்போன் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், எவ்வளவு செலவு செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்றுதான் கேட்பேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் கூடத்திலா, கதவைச் சாத்தினால் தெருச்சத்தம் அடங்கிவிடும் அறையிலா, பழைய மகாபலிபுரம் சாலையில் ஊர்ந்து போகும் பேருந்திலா? இதற்குப் பதில் தெரியாமல் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் நல்லதா, முப்பதாயிரம் ரூபாய்ப் பொருள் நல்லதா என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரே ஹெட்போன் ஒருவருக்குக் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். இன்னொருவர் வீட்டில் பெட்டியோடு அலமாரியில் கிடக்கும். இரண்டையும் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

விலை ஏற ஏற ஒலியும் ஏறுமா என்றால், கொஞ்ச தூரம் வரை கண்டிப்பாக ஏறும். அந்த முதல் கொஞ்ச தூரத்தில் வரும் மாற்றம் பெரிது, யாருக்கும் கேட்கும்.

மிருதங்கத்தை வைத்துச் சொல்கிறேன். நல்ல ஒலிப்பதிவில் இருக்கும் ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வலது பக்கத்தின் கணீரென்ற அடிகள் எந்த இயர்போனிலும் வந்துவிடும். இடது பக்கம், தொப்பி என்பார்களே, ரவையைப் பிசைந்து ஒட்டியிருக்கும் பக்கம், அங்கேதான் சோதனை. வித்வான் அடித்த கையோடு தோலை அழுத்தி நகர்த்தும்போது அந்தத் தாழ்ந்த ஒலி வளைந்து மேலேறும். கும்கி என்று சொல்வது இதைத்தான். நடைபாதையில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் இயர்போனில் அந்த வளைவு பெரும்பாலும் ஒரு ‘தொம்’ என்ற இடியாக மட்டும் வரும். ஒலி எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்று பிடிபடாது. மூன்டிராப் சூ போன்ற, இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய வயர் இயர்போன் ஒன்றை மாட்டிக் கேட்டால் அந்த வளைவு முழுசாகத் தெரியும். கையின் அழுத்தம்கூடத் தெரிகிறது என்று சொல்லத் தோன்றும்.

காதுக்குள் செருகும் வகைக்குத் தாழ்ந்த ஒலியைத் தருவது அவ்வளவு கஷ்டமான வேலை கிடையாது. ரப்பர் முனை காதுத் துளையைச் சரியாக அடைத்துவிட்டால், உள்ளே அசைக்க வேண்டிய காற்று மிகக் கொஞ்சம். ஒலியை எழுப்பும் பாகம், டிரைவர் என்பார்கள், சின்னதாக இருந்தாலே போதும். அதனால்தான் குறைந்த விலையிலும் இவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது. அடைப்பு சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்துபோய்விடும். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் கொடுப்பது இதற்காகத்தான். பலர் மாட்டி வந்ததையே கடைசி வரை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் வலது காதுக்கு ஒரு அளவும் இடது காதுக்கு வேறு அளவும் பொருந்துவது சாதாரணம். செருப்பு மாதிரிதான், போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாயிரத்துக்கு மேலே போகும்போதுதான் விஷயம் குழம்புகிறது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எதை எவ்வளவு எழுப்பித் தருகிறது என்பதுதான் ஒரு ஹெட்போனின் அடிப்படைக் குணம். அந்தக் குணத்துக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. விலை அதிகமானவற்றில் நன்றாக இருப்பவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. குறைந்த விலையிலும் அப்படியே.

ஆனால் எல்லாம் அவரவர் ரசனை என்று இதை விட்டுவிடவும் முடியாது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி இருவரும் 2012ஐ ஒட்டி ஒரு வரிசையான சோதனைகளைத் தொடங்கினார்கள். எந்த ஹெட்போன் என்று தெரியாமல் கேட்கவைத்து, எது பிடித்திருக்கிறது என்று பதிவு செய்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலையையே கேட்டவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ‘ஹார்மன் கோடு’ என்று ஹெட்போன் ஆர்வலர்கள் பேசுவது இதைத்தான். தாழ்ந்த ஒலி கொஞ்சம் தூக்கலாக, நடுப்பகுதி தெளிவாக, உச்சம் காதைக் குத்தாமல். நம் ஊரில் அதிகம் விற்கும் மலிவு ப்ளூடூத் இயர்போன்கள் பலவற்றில் தாழ்ந்த ஒலி மட்டும் அளவுக்கு மீறி இருக்கும். பாடகர் குரல் டிரம்ஸுக்குப் பின்னால் போய்விடும். ஒரு நல்ல செய்தி, ஒலிச் சமநிலையை ஓரளவு நாமே திருத்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான மாடல்களுக்கான ஈக்வலைசர் எண்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட் என்ற ஆப்பில் உங்கள் மாடலின் பெயரைத் தேடி எடுத்தால் போதும், திருத்தம் தானாக ஏறிக்கொள்ளும்.

அப்படியானால் கூடுதல் காசு எங்கே போகிறது? ஒரு பகுதி பெயருக்குப் போகிறது. இன்னொரு பகுதி நிஜமான விஷயங்களுக்குப் போகிறது: எடை, தலையை அழுத்தும் விதம், பாகங்கள் கழன்று மாட்டும் வசதி, திறந்த கூடு, இரைச்சல் நீக்கம். இதில் உங்களுக்கு எது பயன்படும் என்பது நீங்கள் கேட்கும் இடத்தைப் பொறுத்தது. அதனால்தான் முதல் கேள்வியை இடத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

சென்ஹைசர் எச்டி 600 என்று ஒன்று இருக்கிறது. 1997இல் வந்தது, இன்றும் புதிதாக விற்கிறார்கள். முப்பதாயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஹெட்போன் இதுதான், தயங்காமல் சொல்வேன். வாய்ப்பாட்டுக்கு இதைவிட இயல்பாக ஒலிக்கும் ஒன்றை நான் கேட்டதில்லை. தம்புரா ஒரு திரையாகப் பின்னால் விரிந்திருக்க, குரல் முன்னே வந்து நிற்கும். வயலின் வில் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உரசல் வருமே, அதுவும் உறுத்தாமல் கேட்கும். கூடு முழுவதும் சல்லடை போலத் திறந்திருப்பதால் ஒலி தலைக்குள் அடைபட்ட உணர்வு குறைவு. காதுப் பட்டையும் வெல்வெட் துணி. சென்னை வெயிலில் இது பெரிய விஷயம்.

ஆனால் அந்தத் திறந்த கூட்டின் வழியாக அறையின் சத்தம் முழுவதும் உள்ளே வரும். எங்கள் கூடத்தில் மின்விசிறி நான்கில் ஓடும்போது போனில் உள்ள ஒலி அளக்கும் ஆப் ஐம்பது டெசிபலை ஒட்டிக் காட்டுகிறது. அதற்கு மேல் அடுக்களையில் குக்கர், எதிர்வீட்டுத் தொலைக்காட்சி, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. ஆலாபனையில் குரல் மெலிந்து மெலிந்து ஒரு இழையாக அடங்கும் இடம் இருக்கிறதே, அது ஐம்பது டெசிபலுக்குக் கீழே போய்விடும். அங்கே உங்களுக்குக் கேட்பது மின்விசிறிதான். முப்பதாயிரம் கொடுத்து வாங்கும் நுணுக்கம் முழுவதும் அந்தக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. ஒலியளவைக் கூட்டினால் மேல்ஸ்தாயிப் பிடிகள் காதை அறையும். விசிறியை நிறுத்தினால் மே மாதத்தில் ஒரு கீர்த்தனை முடியும் வரை உட்கார முடியாது. இன்வெர்ட்டர் ஏசி குறைந்த வேகத்தில் ஓடும் அறையிலோ, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு குளிர்ந்த மாதங்களிலோ கேட்பவர்களுக்கு இது அருமையான பொருள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருப்பவர் கேட்டால் யோசிக்காமல் வாங்குங்கள் என்பேன். கூடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு, காதை நன்றாக அடைக்கும் இரண்டாயிரம் ரூபாய் இயர்போன் இதைவிட அதிகமாகக் காட்டும். அது வெளிச்சத்தத்தை இருபது டெசிபல் வரைகூடக் குறைத்துவிடுகிறது. குறைந்த அந்த இருபது டெசிபலில் பாட்டு தெரிகிறது.

எச்டி 600 வாங்குபவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். அதன் மின்தடை 300 ஓம், போனால் எளிதில் ஓட்ட முடியாத அளவு. ஹெட்போன் ஒயரைப் போனோடு இணைக்கும் சின்ன டாங்கிள் ஓட்டிவிடும்தான், ஆனால் பழைய கச்சேரிப் பதிவுகள் மெலிதாகப் பதிவாகியிருக்கும். அவற்றுக்குச் சத்தம் போதாமல் போகும். ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டி வந்தால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை.

இதே ஹெட்போனைப் பற்றி எனக்கு வேறொரு பெரிய மரியாதையும் உண்டு. ஒயர், காதுப் பட்டை, தலைப்பட்டை, உள்ளே இருக்கும் டிரைவர் வரை எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும், தனித்தனியாக விலைக்கும் கிடைக்கும். சோனி எம்டிஆர்-7506 1991இலிருந்து வருகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் சுருள் ஒயரோடு, நீலப் பட்டையோடு தொங்குமே, அதேதான். பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். அதன் காதுப் பட்டை சீக்கிரம் உரியும். ஆனால் சில நூறு ரூபாயில் புதுப் பட்டை வாங்கி, வீட்டிலேயே சில நிமிடங்களில் மாட்டிவிடலாம். பத்து, பதினைந்து வருடம் உழைத்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் மழுங்கி, ஒயர் நிறம் மாறி இருக்கும். ஒலி அப்படியே இருக்கும்.

பட்டை உரிவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். விலை உயர்ந்த ஹெட்போன்களிலும் காதுப் பட்டை பெரும்பாலும் நிஜத் தோல் கிடையாது, பாலியூரித்தேன் பூச்சுதான். ஈரக்காற்றும் வியர்வையும் அந்தப் பூச்சை மெல்ல மெல்ல உடைக்கும். ஒரு கட்டத்தில் கருப்புச் செதில்கள் காதிலும் கன்னத்திலும் ஒட்டத் தொடங்கும். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் உரியும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் இது தப்பாமல் நடக்கும். அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன், மாற்றுப் பட்டை கிடைக்கிறதா, என்ன விலை, வீட்டிலேயே மாட்ட முடியுமா என்று தேடிப் பாருங்கள். பட்டையை ஒட்டிவிட்டிருக்கும் மாடல் என்றால் நான் வாங்க மாட்டேன், ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் எப்படிக் கேட்பது? இரண்டு ஹெட்போன்களில் ஒன்று மிகச் சிறிதளவு சத்தமாக ஒலித்தாலும், சத்தமானதுதான் தெளிவானது என்று நம் காது முடிவு செய்துவிடும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூடப் போதும். சத்தம் கூடியிருக்கிறது என்றே தோன்றாது, நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆகவே ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு பாடகர் குரல் ஒரே அளவில் கேட்கும்படி ஒலியளவைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். உங்களுக்குப் பல வருடமாகப் பழகிய பாட்டையே போடுங்கள், கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு வேண்டாம். அது எந்த ஹெட்போனிலும் நன்றாக இருக்கும்படி பொறுக்கியெடுத்தது. அப்புறம், மாட்டிக்கொண்டு இருபது நிமிடமாவது சும்மா உட்காருங்கள். கண்ணாடி போடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். காதுக்கு மேலே கண்ணாடிக் காம்பை அழுத்தும் ஹெட்போன் அரை மணியில் தலைவலி தரும். அந்த வலியை எந்த ஒலியும் ஈடுகட்டாது.

இரைச்சல் நீக்கும் ப்ளூடூத் ஹெட்போன்கள் வேறு கணக்கு. இந்த நுட்பம் வீட்டு இசைக்காகப் பிறந்ததில்லை. கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன் அமர் போஸ், எம்ஐடி பேராசிரியர். 1978இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வரும்போது, எஞ்சின் இரைச்சலில் ஹெட்போனில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. இரைச்சலை மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை எழுப்பி அடக்க முடியுமா என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட்டார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வர 1989 ஆனது. நம்மைப் போன்றவர்கள் வாங்கும், அவருடைய போஸ் நிறுவனத்தின் கொயட்கம்ஃபர்ட் ஹெட்போன் 2000இல் வந்தது.

பிறந்த இடத்தின் குணம் அதில் இன்றும் இருக்கிறது. எஞ்சின், விசிறி, ஏசி போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை அது பிரமாதமாக அடக்கும். ஹாரன், குழந்தை அழுகை, பக்கத்து இருக்கைக்காரரின் போன் பேச்சு ஆகியவற்றில் பாதிதான் குறையும். இதைச் சொல்லாமல் விற்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அமைதியான அறையில் இருப்பவருக்கு இதற்காகப் பணம் கொடுப்பது வீண். ஒலித் தரத்தை மட்டும் பார்த்தால் அதே முப்பதாயிரத்துக்கு எச்டி 600 பக்கத்தில் இவை நிற்காது. கூடவே இதில் பேட்டரி இருக்கிறது. காதுக்குள் செருகும் ஒயரில்லா வகையில் பேட்டரி மிகச் சிறியது. தினமும் பயன்படுத்தினால் இரண்டு, மூன்று வருடத்தில் பாதி நேரம்கூடத் தாங்காது, பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. அவற்றுக்கு இருபத்தைந்தாயிரம் கொடுப்பவர், வருடத்துக்கு எட்டாயிரம் வாடகை கொடுக்கிறோம் என்ற மனநிலையோடு வாங்குவது நல்லது. தலையில் மாட்டும் பெரிய வகையில் பேட்டரி பெரிது, இன்னும் சில வருடம் கூடுதலாக ஓடும்.

உயர்தர ஒலிக்கோப்பு, வெள்ளி ஒயர் பற்றியெல்லாம் நீட்ட மாட்டேன். 2007இல் பிராட் மேயரும் டேவிட் மோரனும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலித்தட்டை நேராகவும், குறுந்தகட்டின் தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். நாம் அதிகம் கேட்கும் எண்பதுகளின் திரைப்பாடல்களுக்குக் கோப்பின் வடிவத்தைவிட, அது மூலநாடாவிலிருந்து எடுத்ததா, தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்ததா என்பதுதான் பெரிய வித்தியாசம். ஒயருக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

அக்கா மகன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான். தினமும் போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பேருந்தில். அவன்தான் ஒருநாள் கேட்டான், “மாமா, முப்பதாயிரம் போட்டு ஹெட்போன் வாங்கலாமான்னு பார்க்கறேன். அந்தக் காசுக்கு நிஜமாவே பாட்டு நல்லாக் கேக்குமா?” அவன் போனை வாங்கி, ஹெட்போன் ஒலியளவைப் பதிவுசெய்யும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வார நாட்கள் எல்லாம் தொண்ணூறு டெசிபலை ஒட்டி நின்றன. சனி, ஞாயிறு வீட்டில் கேட்டது எழுபதைத் தாண்டவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தது அதே பாடல்களைத்தான். பேருந்து இரைச்சலைத் தாண்டிப் பாட்டைக் கேட்க அவன் கொடுத்த விலை அந்த இருபது டெசிபல்.

உலகச் சுகாதார அமைப்பின் கணக்கு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். அவன் அதை இரண்டாவது நாளிலேயே கடந்துவிடுகிறான். சத்தத்தால் காது கெடும்போது முதலில் போவது நான்காயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. கஞ்சிராவில் குலுங்கும் காசுகள், சலங்கை, பாடகர் உச்சரிக்கும் ‘ச’வின் கூர்மை எல்லாம் அங்கேயும் அதற்கு மேலேயும் இருக்கின்றன. போனது திரும்பாது.

“பாட்டு நல்லாக் கேக்குமாங்கறது அப்புறம் பார்க்கலாம்டா. நீ இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கித்தான் ஆகணும்” என்றேன். ஒலித் தரத்துக்காக அந்த விலையை நான் அவனுக்குப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். அவன் காதுக்காகப் பரிந்துரைத்தேன். முந்தைய வருடத்து மாடலாக இருந்தாலும் பரவாயில்லை, இரைச்சல் நீக்கம் கிட்டத்தட்ட அதேதான், தள்ளுபடியில் எட்டு, பத்தாயிரம் குறையும் என்றும் சொன்னேன். மாற்றுப் பட்டை கிடைக்கும் மாடலாகப் பார்த்து அப்படியே வாங்கினான். காது மருத்துவமனையில் ஒரு செவிச் சோதனையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. சில வாரம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். வார நாட்களும் எழுபத்தைந்துக்குக் கீழே வந்திருந்தன. பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வீட்டில் கேட்பதற்கு தன் பழைய ஒயர் இயர்போன்தான் இன்னும் பிடித்திருக்கிறது என்றான்.